சாம்பலில் புரட்டிய விதை

பாலாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தின் கத்தரித் தோட்டத்துக்கு ஏகாம்பரம்தான் காவல். ஆடு மாடுகளிடமிருந்து அல்ல, மடத்துச் சமையற்கட்டிடமிருந்து.

ஒவ்வொரு பட்டத்திலும் முதலில் காய்க்கும் நல்ல காயாகப் பார்த்து, அதன் காம்பில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவிடுவார். கட்டிவிட்டால் அது விதைக்காய். செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கும்வரை யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்குச் சமையல்காரருக்கு அர்ச்சனைதான். அந்தத் துணி, அவர் மனைவி பச்சையம்மாளின் பழைய சேலை.

அந்த முள்ளுக்கத்தரியும் பச்சையம்மாள் வளர்த்ததே. அவள் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, விதையை மட்டும் துண்டில் முடிந்துகொண்டு மடத்துக்கு வந்தார் ஏகாம்பரம். மடத்துத் தலைவி அமிர்தவல்லி, அவரைவிடப் பத்து வயதாவது சிறியவர். ஆனாலும் குரு குருதான். ஏகாம்பரம் வாய் நிறைய ‘அம்மா’ என்றே கூப்பிடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் அவருடைய ஒரே மகள் மேகலா வந்து நின்றாள். காய்கறிகளின் மரபணுவை மாற்றி ஆராய்ச்சி செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. அந்த வேலைக்குப் போனால் என் முகத்திலேயே முழிக்காதே என்று ஏகாம்பரம் ஒரு காலத்தில் சொல்லியிருந்தார். அவர் மகளாயிற்றே, அவளும் முழிக்கவில்லை. இப்போது வந்திருப்பது விதை கேட்டு.

“அம்மா வச்ச கத்தரி உங்ககிட்ட மட்டும்தான்பா இருக்கு. அதுல புழுவைத் தடுக்கிற குணத்தைச் சேர்த்துப் பார்க்கணும்.”

“சேர்த்தா?”

“செடி தன்னைத்தானே பார்த்துக்கும். தண்டுப்புழுவுக்கும் காய்ப்புழுவுக்கும் மருந்து அடிக்க வேணாம்.”

“அப்போ செடியே விஷமாயிடுமா?”

“அந்தப் புழுவுக்குத்தான்பா. நமக்கு ஒண்ணும் ஆகாது.”

“இன்னைக்கு ஆகாது. நாளைக்கு? தானா வளர்ந்து வந்த விதை இது. நடுவுல புகுந்து மாத்த நீ யாரு?”

மேகலா தோட்டத்தைப் பார்த்தாள். “உங்க காயில பாதி சொத்தை. மடத்துல சொத்தையை வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தைக் குழம்பு வைக்கலாம். வித்துப் பிழைக்கிறவங்க என்னப்பா பண்ணுவாங்க? மருந்துதான் அடிக்கிறாங்க. அம்மா மாதிரி.”

பழைய மருந்து நாற்றம் ஏகாம்பரத்தின் மூக்கில் ஏறியது. அந்த நாளில் அவர் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு போவார். பச்சையம்மாள் தண்ணீர் சுமந்து வந்து மருந்து கலக்கிக் கொடுப்பாள். குச்சி கிடைக்காத நாளில் கையாலேயே கலக்குவாள். குழந்தை மேகலா மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும். பச்சையம்மாள் மூச்சு முட்டிப் படுக்கையில் விழுந்தபோது எதனால் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று அப்பாவுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. அந்த நாற்றத்திலிருந்து தப்பித்து ஒருவர் மடத்துக்கு ஓடினார், இன்னொருத்தி படிப்புக்குள் ஓடினாள்.

மேகலா அன்றிரவு மடத்திலேயே தங்கினாள். மறுநாள் விடிந்ததும் ஏகாம்பரம் தோட்டத்துக்குப் போனார். துணி கட்டிய விதைக்காய் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கியது. அதைத் தாண்டிப் போய், குழம்புக்கு ஆகிற இளங்காய்களாகப் பறித்தார். உள்ளே இருந்த முற்றாத விதைகளை வழித்து எடுத்து வெயிலில் உலர்த்தினார். பிறகு விதையை எப்போதும் பத்திரப்படுத்துவதுபோலச் சாம்பலில் நன்றாகப் புரட்டினார். சாம்பல் பூசிவிட்டால் முற்றினது எது, முற்றாதது எது என்று பார்வைக்குத் தெரியாது. முற்றாத விதையோ ஏழு ஜென்மத்துக்கும் முளைக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு பொட்டலத்தை நீட்டினார். மேகலா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு, “வரேன்பா” என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

ஏகாம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அமிர்தவல்லியிடம் வந்து நின்றார்.

“அம்மா, ஒரு நல்லதைக் காப்பாத்தணும்னு ஒருத்தரை ஏமாத்தினா பாவமா?”

“யாரை?”

“பொதுவா கேட்டேன்.”

அமிர்தவல்லி எழுந்து போய்க் கிணற்றடியிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். அதில் பாதி தண்ணீர் இருந்தது. சாம்பல் அடியில் படிந்திருந்தது. தண்ணீருக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கத்தரி விதைகள் மிதந்தன. ஒன்றுகூட முங்கவில்லை.

ஏகாம்பரம் சொம்புக்குள் குனிந்து பார்த்தார். மிதக்கிற விதை முளைக்காத பதர் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இது யாரும்மா போட்டது?”

“மேகலாதான். முகம் கழுவப் போனப்ப. நானும் அங்கதான் இருந்தேன்.”

“அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“பச்சையம்மா சின்ன வயசுலயே காட்டிக் கொடுத்தாங்களாம்.”

அவருக்கு அவமானம் ஒரு பக்கம், மகள்மேல் பொங்கி வந்த பாசம் ஒரு பக்கம். இரண்டையும் விழுங்கிக்கொண்டு கேட்டார்.

“அவ செய்யற வேலை சரியா, தப்பாம்மா? அதை மட்டும் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது ஐயா. உங்க காய் எனக்குப் பிடிக்கும். அவ சொன்னதும் நியாயமாத்தான் பட்டுது. நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.”

சாலையில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். லாரி. மேகலா இன்னும் நிறுத்தத்தில்தான் நின்றிருந்தாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

“முளைக்காதுன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா அதைக் கொண்டு போறா?”

“நானும் அதைத்தான் கேட்டேன்” என்றார் அமிர்தவல்லி. “‘இத்தனை வருஷம் கழிச்சு அப்பா கையால ஒண்ணு குடுத்திருக்காரு. முளைக்குமா முளைக்காதான்னு பார்த்தா வாங்குவாங்க?’ன்னா.”

ஏகாம்பரம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். பழுத்த விதைக்காயை, கட்டியிருந்த சேலைத் துணியோடு பறித்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார்.