எண்ணைக் கண்டுபிடி

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் நிலோஃபர் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். குருவுக்கு வயது இருபத்தாறு. சீடர்களில் மூத்தவரான சிவசைலத்துக்கு நாற்பத்தெட்டு. கூரியர் கம்பெனி வேலை போன பிறகு வந்து சேர்ந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். இதில் இரண்டு பேருக்குமே கூச்சம் இருந்ததில்லை.

அவர் முதன்முதலாக எழுதியது ஒரு சின்ன விளையாட்டு. கணினி நூற்றுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். ஆடுகிறவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சொன்னது தப்பென்றால், கூடுதல் அல்லது குறைவு என்று பதில் வரும். புதிதாகக் கற்கிற எல்லோரும் எழுதிப் பார்ப்பதுதான்.

சிவசைலம் அதை மகளுக்காக எழுதினார். ஒன்பதாவது படிக்கிற இசைவாணி சில மாதங்களாக அவரிடம் கணக்கு நோட்டை எடுத்து வருவதில்லை. அவர் பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுகிறாள். விளையாட்டைக் காட்டியாவது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம் என்று மனுஷன் ஆசைப்பட்டார்.

கூடுதல், குறைவு என்று மட்டும் வந்தால் சப்பென்று இருக்கிறதே என்று, தப்பான விடைக்குச் சில வரிகள் சேர்த்திருந்தார். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒன்று. "கவனம் எங்கே போச்சு?" என்று இன்னொன்று. வகுப்பில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சிவசைலத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாரும் சூப்பர்ங்காங்க. நீங்க என்ன சொல்லுதீங்க டீச்சர்?"

"வீட்ல காட்டினீங்களா அண்ணாச்சி?"

"காட்டினேன். ஒரு தடவை ஆடினா. நல்லாருக்குப்பான்னா. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரல. பரீச்சை வருதுல்லா."

"ஆடும்போது நீங்க பேசினீங்களா?"

"சொல்லிக்கொடுக்க வேண்டாமா? மொதல்ல அம்பது போடு, அப்புறம் பாதி பாதியா வான்னு சொன்னேன்."

"இன்னொரு தடவை ஆடச் சொல்லுங்க. பக்கத்துல உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது. அவ என்ன சொல்லுதான்னு கேக்க வேண்டாம். என்ன செய்யுதான்னு பாத்துட்டு வாங்க."

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வகுப்புக்குத் தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நிலோஃபர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆடினாளா?"

"ஆடினா."

"என்ன செஞ்சா?"

"எழுபது போட்டா. தப்பு. இதுகூடத் தெரியாதான்னு வந்துச்சு. அவ சிரிக்கல. எம் மூஞ்சியப் பாத்தா."

"நீங்க பேசினீங்களா?"

"இல்ல டீச்சர். வாயே தொறக்கல. ஆனா திட்டப் போறேன்னுதான் பாத்தா."

"அப்புறம்?"

"நாப்பது போட்டா. கவனம் எங்கே போச்சுன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் எதுவும் போடல. விரல மட்டும் கீபோர்டு மேல வச்சுட்டே இருந்தா. தப்பாப் போயிருமோன்னு பயந்து வச்சுட்டே இருந்தா. பெறவு நல்லாருக்குப்பான்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டா."



"அந்த வரியெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

நெட்டில் எடுத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மேசையைப் பார்த்தார்.

"எங்கேருந்தும் எடுக்கல. அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் சொல்லுதது."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இத்தனை பேர் கூடிச் சிரித்த வரிகளை மகள் எத்தனை சாயங்காலம் தனியாகக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாக மடிக்கணினியைத் திறந்தார்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இப்ப தப்பாப் போட்டா, பரவால்ல இன்னொரு தடவை போடுன்னுதான் வரும். நீங்களே பாருங்க."

அவள் ஆடிப் பார்த்தாள். வேண்டுமென்றே தப்பாகவும் போட்டுப் பார்த்தாள்.

"சரியாருக்கு அண்ணாச்சி. பிழை ஒண்ணுமில்ல."

"இனி ஆட வருவாளா?"

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன். எல்லாம் மாத்திட்டேன், வந்து பாருன்னேன். தலை வலிக்குதுன்னுட்டா."

தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டது. அவர் குரல் இறங்கிப்போய்விட்டது.

"இதுல இன்னும் என்ன மாத்தணும், சொல்லுங்க டீச்சர். ராவும் பகலுமா உக்காந்து மாத்துதேன்."

நிலோஃபர் மடிக்கணினியை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும். வீட்டுக்குப் போய் அவள ஒரு எண்ணை நினைச்சுக்கச் சொல்லுங்க. நீங்க கண்டுபிடிங்க."

"நானா?"

"நீங்கதான்."

சிவசைலம் எழுந்தார். படி வரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

"நான் தப்பாச் சொன்னேன்னா?"

"அப்ப அவ ஒண்ணு சொல்லுவா அண்ணாச்சி. அதைக் கேட்டுட்டு வாங்க."