பம்பு ரூம் தோட்டம்

எங்கள் காலனியில் பம்பு ரூமுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. எல்லாம் வேண்டாமென்று வீசியெறிந்த செடிகள். பொறுக்கி வந்து வைத்தவன் நான். அதை அழித்துவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று சங்கச் செயலாளர் வீரபாகு கூட்டம் போட்டார். போன மாதம்தான் கார் வாங்கியிருந்தார்.

"காய்ஞ்ச குச்சிக்கு எதுக்கு அண்ணாச்சி அம்புட்டு இடம்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் உண்மைதான் வரும்.

"குச்சியா? உம்ம வீட்டுக் கறிவேப்பிலை, பட்டுப்போச்சுன்னு நீரு குப்பையில போட்டதுதானவே? டீ குடிச்ச மிச்சத்தை ஊத்தினேன். மறுநாள் இலை பறிக்க ஏணி வேண்டியதாப் போச்சு. இப்போ பாளையங்கோட்டையில ஒருத்தரும் குழம்புக்குக் கறிவேப்பிலை போடுறதில்ல. ஜன்னலைத் திறந்து வச்சாப் போதும்."

"எங்க வீட்டுக் குழம்புல ஒரு வாசமும் இல்லையே?"

"உம்ம வீட்ல ஏசி. ஜன்னலை எங்க திறக்கீரு?"

சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"வீடு மாத்திப் போன பேங்க்காரர் ஒரு சுரைக்கொடியை விட்டுட்டுப் போனாரு. லாரியில சோபாவுக்கு இடம் இருந்துது, அதுக்கு இல்ல. ரோஷக்காரக் கொடி. செல்போன் டவர்ல ஏறிட்டு. கம்பெனிக்காரன் சண்டைக்கு வந்தான். ஒரு காயைக் கொடுத்து அனுப்பினேன். குடைஞ்சு இப்போ அதுலதான் குடியிருக்கான். ரெண்டு ரூம், ஒரு அடுப்படி."

"பாத்ரூம்?" என்றான் எவனோ.

"காம்புப் பக்கம்."

வீரபாகு விடவில்லை. "செடியெல்லாம் பொறுக்கினதா அண்ணாச்சி, வாசல்ல இருந்து தூக்கினதா?"

"நான் ஏம்வே தூக்கணும்? இப்பல்லாம் அதுவா வருது. எந்த வீட்ல தண்ணி ஊத்தலையோ, அங்கிருந்து கிளம்பிருது. நேத்துக்கூட ஒரு ரோஜா, தொட்டியோட, மூணு மாடி இறங்கி வந்து நின்னுது. வேர்த்து ஊத்துது, பாவம்."

கோமதி டீச்சர் எழுந்தார். மூன்றாம் மாடி.

"மஞ்சள் ரோஜாவா?"

"ஆமா."

"தொட்டி விளிம்பு உடைஞ்சிருக்கா?"

"வழியில இடிச்சிருக்கும்."

"அது என் ரோஜா. பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்னு வாசல்ல எடுத்து வச்சேன்."

வீரபாகு கார் சாவியை விரலில் சுழற்றினார். பாதிப் பேர் தோட்டத்துக்கு, பாதிப் பேர் காருக்கு. டீச்சர் கை எந்தப் பக்கமோ, முடிவு அந்தப் பக்கம்.

"இறங்கத் தெரிஞ்ச செடிக்கு ஏறவும் தெரியும்லா அண்ணாச்சி?" என்றார் டீச்சர். "இப்பவே எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. வந்துட்டா தோட்டத்துக்குக் கை தூக்குதேன்."

தோட்டம் தப்பித்தது. வீரபாகு காரைத் தெருவில்தான் நிறுத்துகிறார்.

ரோஜா நடந்துதான் ஏறியது. விழுந்துவிடக் கூடாதே என்று தொட்டியை நான் கொஞ்சம் தாங்கிப் பிடித்தேன், மூன்று மாடியும். வழியெல்லாம் மூச்சு வாங்கியது ரோஜாவுக்குத்தான்.