வால் போன ரப்பர் மீன்கள்

கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அந்தப் படகில் யார் ஆசான், யார் சீடர் என்று பிடிபடாது. நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக முன்பக்கம் உட்கார்ந்திருப்பவர் சீடர். பெயர் ஞானதிரவியம், வயது அறுபது, தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர். பின்னால் எஞ்சின் பக்கத்தில் பனியனோடு குந்தியிருப்பவர்தான் ஆசான். பெயர் ரெமிஜியுஸ். சீடரின் வயதில் பாதியைத் தாண்டிச் சில வருஷம், அவ்வளவே.

தூத்துக்குடிக் கடற்கரையில் மற்றவர்கள் கணவாயைத் துண்டு போட்டுத் தூண்டிலில் கோத்துச் சங்கரா மீன் பிடிக்கிறார்கள். ரெமிஜியுஸ் மட்டும் விரல் நீள ரப்பர் மீனைக் கோத்துப் பிடிப்பார். அதனால் ஊரில் அவருக்கு ரப்பர் சாமியார் என்று பெயர். சாமியாருக்குச் சீடரும் சேர்ந்த செய்தி பரவியதும் ஏலக்கூடத்தில் சிரிப்பு இரண்டு மடங்கானது. விளையாட்டுச் சாமானைப் போய் மீன் கடிக்குமா என்று கேட்டார்கள். கடிக்கத்தான் செய்தது. ரெமிஜியுஸ் கொண்டுவந்து கொட்டுகிற சங்கராவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். மறுநாள் திரும்பவும் சிரிப்பார்கள். வேறு வேலை?

முதல் வெள்ளிக்கிழமை, ஞானதிரவியம் ரப்பர் மீனைக் கடலில் இறக்கிவிட்டு, தூண்டில் கம்பை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"எதுக்கு ஆட்டுதீங்க அண்ணாச்சி?"

"உயிர் இருக்க மாதிரி தெரிய வேண்டாமா தம்பி?"

"பேய் பிடிச்ச மாதிரில்லா தெரியுது. ஒரு தடவை தூக்குங்க. பிறகு விழ விடுங்க. அது சும்மா விழும்போதுதான் சங்கரா கடிக்கும்."

"விழும்போது நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். விரலைத் தூண்டில் நரம்புல வச்சுக்கிட்டு இருங்க. கையை எடுக்காதீங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த அவ்வளவு ஞானதிரவியத்துக்கு நாலு வாரமாகியும் வரவில்லை. ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து 'தம்பி' என்பதை விட்டுவிட்டு 'ஆசான்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடலடிப் பாறைத் திட்டான ஒரே பாரின் மேல், ஒரே நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து ரெமிஜியுஸ் ஏழு சங்கரா தூக்க, தன் கம்பில் பாசிகூடச் சிக்காமல் போனால் மனுஷன் வேறு எப்படிக் கூப்பிடுவார்?

பாறைகள் நிறைந்த அந்தப் பாரின் மேல், எட்டுப் பாகம், அதாவது ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில், மாலை ஐந்து மணிக்குமேல்தான் சங்கரா மும்முரமாக இரை தேடும். அந்த ஐந்து மணிக்கென்று பார்த்து ஞானதிரவியம் தூண்டில் கம்பைப் படகின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போனை எடுப்பார். படகின் முனைக்கு நகர்ந்து, ஆசானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொண்டையை இரண்டு தடவை செருமுவார். பிறகு அவர் வாயிலிருந்து வேறொருவர் பேசுவார். கனத்த, கொஞ்சம் மூக்கால் இழுக்கிற குரல்.

"அப்பா, நான் இம்மானுவேல் பேசுதேன். மஸ்கட்ல நல்ல வெயிலுப்பா."

ரெமிஜியுஸ் அந்த நேரத்தில் எஞ்சினில் ஏதோ வேலை இருப்பதுபோலக் குனிந்துகொள்வார். இருபது அடிப் படகில் காதை எங்கே கொண்டுபோய் வைக்க முடியும்? எல்லாம் கேட்கத்தான் செய்யும். ஆனால் இத்தனை வாரத்தில் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

இம்மானுவேல் ஞானதிரவியத்தின் அண்ணன். கல்யாணம் காட்சி இல்லாமல் மஸ்கட்டில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர், ஒரு நாள் ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தூத்துக்குடி வீட்டில் அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. கண் தெரியாது, நெஞ்சில் ஆபரேஷன் ஆன உடம்பு. அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஞானதிரவியமும் மனைவி கிரேஸும் கலந்து பேசி, மறைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் விடுமுறை. வெள்ளி தவறாமல் ஐந்து மணிக்கு அண்ணன் கூப்பிடுவது வழக்கம். அது நின்றுபோனால் அப்பா கேள்வி கேட்பார். நிற்காமல் இருக்க வேண்டுமானால் யாராவது அண்ணனாகப் பேச வேண்டும். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு பேச முடியுமா? ஆகவே ஞானதிரவியம் கடலுக்கு வந்தார். ஞானம் தேடி வந்த சீடர் அல்ல அவர். ஒளிந்துகொள்ள இடம் தேடி வந்தவர்.

அண்ணனுக்காக அவர் இன்னும் அழவில்லை. அழுதால் தொண்டை கட்டிக்கொள்ளும். தொண்டை கட்டினால் வெள்ளிக்கிழமை அண்ணன் குரல் வராது. அந்தப் பயத்திலேயே துக்கத்தை அடக்கி அடக்கி, சோறு இறங்காமல், ஆள் பாதியாகிவிட்டார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை நாலரை மணி இருக்கும். காற்று விழுந்து, கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஞானதிரவியம் புது ரப்பர் மீன் ஒன்றை எடுத்து, ஈயத்தலை வைத்த தூண்டில் முள்ளில் கோத்துக்கொண்டே கேட்டார்.

"ஆசான், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"இது வெறும் ரப்பர். மீனுக்கு அது தெரியாது. நம்பி வந்து கடிக்குது. இது பாவம் இல்லையா?"

"கணவாயைக் கோத்தா பாவம் இல்லையா?"

"அது நிசமான இரையாவது."

ரெமிஜியுஸ் குனிந்தார். உட்கார்பலகைக்கு அடியில் கையை விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதிலிருந்து நாலு ரப்பர் மீன்களை எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். நாலிலும் தலை இருந்தது, உடம்பு இருந்தது, வால் இல்லை.

"என்னது இது?"

"நீங்க போன் பேசின நாலு வெள்ளிக்கிழமை."

ஞானதிரவியம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். வால் இருந்த இடத்தில் பல் பதிந்து அரைவட்டமாக அறுந்திருந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"ராடைச் சாய்ச்சு வச்சிட்டுப் போனீங்க. ஒவ்வொரு தடவையும் வந்து கடிச்சிருக்கு. கடிச்சுட்டுத் துப்பிட்டுப் போயிருக்கு."

"கணவாயா இருந்தா?"

"கணவாயா இருந்தா முழுங்கிட்டு அங்கனயே கிடக்கும். நீங்க டீ குடிச்சுட்டு வந்துகூடத் தூக்கலாம். ரப்பர் அப்படி இல்ல. வாயில பட்ட நிமிசமே அதுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியாதுன்னுல்லா நான் நினைச்சேன்."

"அதுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல."

ஞானதிரவியம் கையிலிருந்த ரப்பர் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, அண்ணன் இறந்ததைச் சொன்னார். மறைத்ததைச் சொன்னார். சொல்லும்போது குரல் தடுமாறியது, உடனே விழுங்கிக்கொண்டார். ஐந்து மணிக்குப் பேச வேண்டுமே.

ரெமிஜியுஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறெதையோ விசாரித்தார்.

"அப்பா என்ன வேலை பாத்தாங்க?"

"தந்தி ஆபீஸ்." இதைச் சொல்லும்போது மட்டும் ஞானதிரவியத்தின் முகம் தெளிந்தது. "அப்பா அதுல பெரிய கெட்டிக்காரங்க, ஆசான். தந்தி அடிக்கிற விதத்தைக் காதால கேட்டே, அந்தப் பக்கம் உக்காந்திருக்கது யாருன்னு சொல்லிருவாங்க. ஒருக்கா மதுரையில ஒருத்தன் தூங்கிட்டு, பக்கத்து ஆளைத் தந்தி அடிக்க விட்டிருக்கான். நாலு எழுத்துலயே பிடிச்சுட்டாங்க."

"சரி. போன்ல உங்கள்ட்ட என்ன கேப்பாங்க?"

"முதல் வாரம், சளி பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. அடுத்த வாரம் அம்மா தவறின வருசத்தைக் கேட்டாங்க. டக்குன்னு சொல்லிட்டேன்."

பரீட்சையில் தேறிய பையன்போல அதைச் சொன்னார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அம்மாதானே என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"போன வாரம்?"

"ஒண்ணும் கேக்கல. ரொம்ப நேரம் சும்மா இருந்தாங்க. பிறகு, தம்பி சரியாச் சாப்பிடுததில்ல, நீ சொல்லு, சாப்பிடட்டும்னாங்க."

ரெமிஜியுஸ் நாலு ரப்பர் மீன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். மணி ஐந்தாகிவிட்டது.

"இன்னைக்கு ராடைக் கீழ வைக்காதீங்க."

"போன் பேசணுமே ஆசான்."

"பேசுங்க. இடது கையில போன். வலது கையில ராடு. விரல் நரம்புல இருக்கட்டும்."

ஞானதிரவியம் ரப்பர் மீனை இறக்கினார். ஒரு தடவை தூக்கி, விழ விட்டார். இடது கையால் மனைவியின் எண்ணை அழுத்தினார். கிரேஸ் எடுத்து, "மாமா, மஸ்கட்ல இருந்து போன்" என்று வழக்கம்போலச் சத்தமாகச் சொல்லி, போனை அப்பாவின் காதில் வைப்பது கேட்டது. அவர் தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொண்டார்.

"அப்பா, நான் இம்மானுவேல் பேசுதேன்."

"ம்."

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"இருக்கேன்," என்றார் அப்பா. ரப்பர் மீன் விழுந்துகொண்டிருந்தது. நரம்பு விரலில் லேசாக உரசி இறங்கியது. "இம்மானுவேலு."

"சொல்லுங்கப்பா."

"உன் தம்பி வெள்ளிக்கிழமைன்னா வீட்டுல இருக்கதே இல்ல."

"மீன் பிடிக்கப் போறாம்லாப்பா."

"மீனு ஒண்ணையும் காணோமே."

ஐந்து வாரம் கடலுக்குப் போகிறவன் வீட்டில் ஒரு நாள்கூட மீன் குழம்பு கொதிக்கவில்லை என்பதை ஞானதிரவியம் யோசித்ததே இல்லை.

"அவன்ட்ட நீ சொல்லு," என்றார் அப்பா. குரல் நடுங்கவில்லை, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக வந்தது. "மூத்தவனை நினைச்சு அவன் ஒத்தையில கெடந்து மருக வேண்டாம். வீட்டுக்கு வந்து என் பக்கத்துல உக்காரச் சொல்லு. நான் தாங்கிக்கிடுவேன்னு சொல்லு."

அதே நேரத்தில் வலது கை விரலில் தட் தட் என்று இரண்டு தட்டு விழுந்தது. யோசிப்பதற்கு முன்னாலேயே கை தூக்கிவிட்டது. கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. கீழே நல்ல கனமான மீன் ஒன்று பாறையைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

இடது கைக் கட்டைவிரல் போனை அணைக்கப் போனது. 'சரிப்பா, வைக்கேன்' என்று சொல்லி வைத்துவிடுவதுதான் நாலு வாரப் பழக்கம். அணைக்கவும் முடியாமல், பேசவும் முடியாமல், ஞானதிரவியம் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு திரும்பினார். கண்ணாடிக்குள் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"ஆசான், அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு."

ரெமிஜியுஸ் எழுந்து வந்து, வளைந்து நின்ற தூண்டில் கம்பை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அவங்களுக்கு நாலு வாரமாத் தெரியும் அண்ணாச்சி," என்றார். "இன்னைக்குத்தான் நீங்க கையை எடுக்காம இருக்கீங்க. வைக்காதீங்க, பேசுங்க."

ஞானதிரவியம் போனைக் காதுக்குக் கொண்டுபோனார். அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு கேட்டது, அவரும் வைக்கவில்லை. ஞானதிரவியம் இந்த முறை தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை.