தப்பிவிட்டது என்று சொன்ன பூனை

மாந்தோப்பை ஒட்டிய காட்டில் வெருகி என்றொரு காட்டுப்பூனை இருந்தது. புறா பிடிப்பதில் அதற்கு ஈடு யாரும் இல்லை. அதுவே அப்படித்தான் சொல்லிக்கொள்ளும். ஆனாலும் அது பொய்யில்லை.

குளத்தங்கரையில் புறாக்கள் தண்ணீர் குடிக்க இறங்கும். வெருகி புல்லுக்குள் வயிறு தரையில் படப் படுத்திருக்கும். ஒரே தாவலில் எட்டும் தூரத்துக்குப் புறா வரும்வரை அசையாது. வராவிட்டால் பட்டினியோடு எழுந்து போய்விடும். வந்தால் ஒரே தாவல், பிடரியில் ஒரே கடி. தன்னைப் பிடித்தது யார் என்று திரும்பிப் பார்க்கக்கூடப் புறாவுக்கு நேரம் இருக்காது.

"பாதியில விட்ட உசிருன்னு என் பேர்ல ஒண்ணுகூடக் கிடையாது" என்று கீரியிடமும் உடும்பிடமும் அடிக்கடி சொல்லும். கேட்டுக் கேட்டு அவற்றுக்குச் சலித்துப்போயிருந்தது.

ஒருநாள் வெருகியின் பின்னங்காலில் கருவேல முள் ஏறியது. ஆழமாக ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. கால் வீங்கிப்போனது. தாவ முடியவில்லை. ஓணானும் வெட்டுக்கிளியும் தின்று வயிற்றைக் கழுவியது. புறா தின்ற வாய்க்கு அது பெரிய அவமானம்.

அந்தச் சமயத்தில்தான் சிலும்பன் வந்து சேர்ந்தது. சிலும்பன் ஒரு குரங்கு. தோப்புக் காவல்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்த நேரம் பார்த்து, அவருடைய ஏர் கன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. கூடவே மூன்று தகர டப்பாக்கள்.

"என்னக்கா, காலு இன்னும் ஆறலையா? இதப் பாரு. இனிமே நீ தாவவே வேண்டாம்!"

"என்னது இது, குச்சி மாதிரி?"

"புறா அடிக்கிற துப்பாக்கி. காவல்காரன் எப்படிச் சுடுறான்னு மரத்து மேல உக்காந்து நல்லாப் பார்த்து வச்சிருக்கேன். குழாய மடக்கணும், குண்டு வைக்கணும், நிமித்தணும், விசைய இழுக்கணும். அவ்வளவுதான். எனக்குச் சுட்டாப் போதும். விழுறதெல்லாம் உனக்கு."

வெருகியின் வாயில் எச்சில் ஊறியது.

இரண்டும் டப்பாக்களைத் திறந்து பார்த்தன. மூன்றிலும் ஈயக் குண்டுகள். ஒன்றில் இருந்த குண்டுகளுக்குத் தலை தட்டை. இன்னொன்றில் தலை உருண்டை. மூன்றாவதில் முனை கூராக இருந்தது.

"காவல்காரன் தூரத்துக்கு எப்பவும் இந்த உருண்டையத்தான் போடுவான்" என்றது சிலும்பன்.

வெருகி கூரான குண்டு ஒன்றைக் காலால் உருட்டிப் பார்த்தது. "இதப் போடு. என் கோரைப்பல்லு மாதிரியே இருக்கு பாரு."

"ஆனா அவன்..."

"அவன் என்னைக்காவது வாயால ஒரு புறா பிடிச்சிருக்கானா? எனக்குத் தெரியாததா அவனுக்குத் தெரிஞ்சிரப்போகுது? கூரா இருந்தாத்தான் உள்ள இறங்கும்."

குரங்கு தலையை ஆட்டியது. புறா விஷயத்தில் வெருகி சொல்லுக்குக் காட்டில் மறுபேச்சு கிடையாது.

"சரிக்கா. எந்த இடத்துல அடிக்கணும்?"

"பிடரியில. தலையும் உடம்பும் சேருற இடம். இல்லாட்டித் தலையில. நெஞ்சுல மட்டும் அடிச்சுராத. இரை தின்ன புறாவுக்கு அங்க ஒரு பை நெறைய தானியம் இருக்கும். உசிரு சட்டுன்னு போகாது."

வெருகி சொன்ன இடத்தில் தவறே இல்லை. ஆனால் அது பல் எட்டும் தூரத்தில் கற்ற பாடம். சிலும்பன் சுட உட்கார்ந்த அத்திமரம் குளத்துக்கு இந்தப் பக்கம். புறாக்கள் இறங்கும் கரை அந்தப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் புறாவே ஒரு கூழாங்கல் அளவுதான் தெரியும். இதில் பிடரியை எங்கே போய்த் தேடுவது?

"கொஞ்சம் கிட்டப் போயிச் சுடலாமே" என்று வெருகி ஒருமுறை கேட்டுப் பார்த்தது.

"கிட்டப் போனாப் பறந்துரும்க்கா. அதுக்குத்தானே துப்பாக்கி."

வெருகி அதோடு விட்டுவிட்டது. அவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு நடக்க அதற்கும் சோம்பலாக இருந்தது.

குழாயை மடக்கக் குரங்கு பட்ட பாடு கொஞ்சமல்ல. அதில் தொங்கி, ஊஞ்சலாடி, கடைசியில் காலால் உதைத்து மடக்கியது. சுடும்போது எழும் சத்தத்துக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டது. அப்படியும் முதல் குண்டுக்கே ஒரு புறா சுருண்டு விழுந்தது. குருட்டு அதிர்ஷ்டம்தான். வெருகி அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டு, குரங்கு ஓடிப்போய்த் தூக்கி வந்த புறாவை வயிறு நிறையத் தின்றது.

மறுநாள் சுட்டபோது ஒரு புறா உதறிக்கொண்டு எழுந்தது. காற்றில் இறகுகள் மிதந்தன. புறா ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்து, காரைப் புதருக்குள் போய் மறைந்தது.

சிலும்பன் கண்ணைத் திறந்தது. "என்னக்கா ஆச்சு? பட்டுச்சா?"

வெருகி மூக்கை உயர்த்தியது. காற்றில் ரத்த வாடை வந்தது. பட்டுவிட்டது, சந்தேகமே இல்லை. தேடிப் போக வேண்டும். குளத்தைச் சுற்றி நடந்து, முள்ளுக்குள் நுழைந்து, கண்டுபிடித்து, கதையை முடிக்க வேண்டும். அதற்குள் கரையில் இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது.

"தப்பிருச்சு. அடுத்ததப் பாரு" என்றது வெருகி.

அந்தப் பொய் மிகச் சுலபமாக வாயில் வந்தது. அதன்பிறகு இன்னும் சுலபமாகிவிட்டது. ஒரு புறா விழும். சில புறாக்கள் "தப்பிவிடும்". ஒவ்வொரு முறையும் குரங்கு கேட்கும், பூனை அதே பதிலைச் சொல்லும். ரத்த வாடை வரும் பக்கம் முகத்தைத் திருப்பாமல் இருக்கவும் பழகிக்கொண்டது.

இதற்கிடையில் முள் சீழோடு வெளியே வந்துவிட்டது. கால் ஆறியது. வெருகி யாரிடமும் சொல்லவில்லை. குரங்கின் முன்னால் நொண்டிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்த இடத்தில் புறா கிடைக்கும்போது புல்லுக்குள் யார் போய் வயிறு தேயப் படுத்துக் கிடப்பார்கள்?

ஒருநாள் காலையில் தண்ணீர் குடிக்க அந்தக் கரைக்குப் போனது. காரைப் புதரடியில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. பூனையைப் பார்த்தும் அது பறக்கவில்லை. வெருகிக்கு ஆளைத் தெரிந்தது. மணிக்கழுத்தன். எத்தனையோ தடவை இதற்காகக் காத்திருந்து ஏமாந்திருக்கிறது. அவ்வளவு உஷாரான புறா. இப்போது எலும்பும் இறகுமாக இருந்தது. நெஞ்சு இறகுகள் ஒட்டிக் கருத்துப்போயிருந்தன.

"வெருகியம்மா, வந்துட்டீங்களா?" என்று மெல்லிய குரலில் கேட்டது.

"ஏன் பறக்கல?"

"முடியல. எங்கேருந்தோ ஏதோ வந்து நெஞ்சுல இறங்குச்சு. பை நெறைய சோளம் இருந்ததால உசிரு போகல. பை கிழிஞ்சுபோச்சு. தண்ணி குடிச்சா நெஞ்சு வழியா ஒழுகுது. கூட்டுல ரெண்டு குஞ்சு. என்னால ஊட்ட முடியல. அதுக அம்மாவையும் அன்னைலேருந்து காணோம். இப்பக் கூட்டுலேருந்து சத்தமே வரல."

வெருகி ஓர் அடி பின்வாங்கியது.

"ஒரு உதவி செய்யணும். கிட்ட வாங்க. எப்பவும் செய்யிற மாதிரி ஒரே கடி."

"என்னைக் கண்டா உனக்குப் பயம் இல்லையா?"

"பயம்தான். ஆனா அது உடனே முடிஞ்சுரும். இது முடிய மாட்டேங்குது. இந்தக் காட்டுல எதையும் பாதியில விடாதது நீங்க ஒருத்தருதான். எங்க குஞ்சுங்களுக்கே அப்படிச் சொல்லித்தான் வளர்ப்போம்."

வெருகிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கீரியிடம் அடித்த ஜம்பம், தன்னால் செத்துக்கொண்டிருக்கும் ஒரு புறாவின் வாயிலிருந்து மரியாதையாகத் திரும்பி வந்தது. யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். கூசிப்போய்த் தரையைப் பார்த்தது.

"உன்னச் சுட்டது குரங்கு. குண்டு எடுத்துக் கொடுத்தது நான். பட்டதும் எனக்குத் தெரியும். வாடை வந்துச்சு. நான் தேடி வரல."

மணிக்கழுத்தன் தலையைத் தூக்கி வெருகியைப் பார்த்தது. "தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"சரி. இப்பவாவது வாங்க" என்று புறா கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது.

ஒரே கடிதான். ஆனால் வெருகியால் அந்தப் புறாவைத் தின்ன முடியவில்லை. சருகை இழுத்து மூடிவிட்டு அத்திமரத்துக்குத் திரும்பியது.

சிலும்பன் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. "வாக்கா! இன்னைக்குப் பெரிய கூட்டம் வந்திருக்கு!"

"அதக் கீழ வச்சுட்டு என்கூட வா."

வெருகி நொண்டாமல் நடந்தது. குரங்கு அதைக் கவனித்தது. துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால் வந்தது.

இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட வாடைகளின் பின்னால் பூனை இப்போது ஒவ்வொன்றாகப் போனது. ஒரு புதரடியில் இறக்கை முறிந்த புறா கிடந்தது. அடுத்ததில் செத்து எறும்பு மொய்த்த புறா. கற்றாழைக்குப் பின்னால் இன்னொன்று, கூரான குண்டு உடம்பில் தங்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது, இன்னும் மூச்சு இருந்தது. சிலும்பனின் வால் தொங்கிப்போனது.

"யாரு செஞ்ச வேலைக்கா இதெல்லாம்?"

"உன் குண்டுதான்."

"என் குண்டா? எல்லாம் தப்பிருச்சுன்னு சொன்னியே!"

வெருகி குரங்கின் பக்கம் திரும்பாமல் கற்றாழையையே பார்த்தது.

"நான் கண்ண மூடிக்கிட்டுச் சுட்டேன். எனக்கு உன் மூக்கும் கிடையாது. நீ சொன்னதத்தான் நம்பினேன். பட்டிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே இதத் தூக்கிப் போட்டிருப்பேனே" என்று குரங்கு அழுதது.

கால் வலி என்று சொல்லலாமா என்று வெருகி நினைத்தது. கால் நன்றாகத்தான் இருந்தது. பசி என்று சொல்லலாமா? வயிறும் நிறைந்துதான் இருந்தது. குரங்கின் முன்னால் தலைகுனிந்து நின்றது.

சிலும்பன் ஓடிப்போய்த் துப்பாக்கியையும் டப்பாக்களையும் குளத்தின் நடுவில் வீசி எறிந்தது. வெருகி மட்டும் அந்தப் புதர்களுக்குத் திரும்பிப் போனது. பிழைக்க வழியில்லாத ஒவ்வொரு புறாவின் அருகிலும் போய், அதன் கண்ணைப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, அதன்பிறகே பிடரியைக் கடித்தது. பொழுது சாயும்வரை அந்த வேலை இருந்தது. அன்றிலிருந்து அது யாரிடமும் தன் பெருமை பேசியதில்லை.

குறி தவறிச் சுட்டவரைவிட, பட்டது தெரிந்தும் தப்பிவிட்டது என்று சொன்னவருக்கே பாவத்தில் பெரிய பங்கு சேரும்.