நஷ்டத்தில் ஓடிய பண்ணை

நாமக்கல் பக்கம் அத்தியப்பன் பெரிய கோழிப்பண்ணைக்காரர். பதினெட்டு வருஷம் அங்கே முட்டை பொறுக்கிய மனைவி பாவாயி, விவாகரத்தின்போது பாதிப் பங்கு கேட்டாள்.

"பண்ணையே நஷ்டமுங்க. கோழியெல்லாம் கிழடு, முட்டையே போடறதில்லை. மொத்தமே இரண்டு லட்சந்தான் பெறும்" என்று சமரசம் பேசிய வக்கீலம்மாவிடம் அவர் எழுதியே கொடுத்தார். "அவ பாதி ஒரு லட்சம். வாங்கிட்டுப் போகட்டும்."

பாவாயி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"எங்கப்பன் போட்டதுங்க, ஒரு லட்சத்துக்குக் குறையாது. அவரு பாதிக்கு இதை எடுத்துக்கட்டும். அந்தக் கிழட்டுக் கோழிகளை வெச்சு நானே நஷ்டப்பட்டுக்கறேன்."

வக்கீலம்மா பேனாவை நீட்டினார். அத்தியப்பன் பேனாவையும் தொடவில்லை, சங்கிலியையும் தொடவில்லை.

"மறுபடி மதிப்புப் போடலாமுங்க" என்றார் மெதுவாக.

பாவாயி சங்கிலியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "இந்தத் தடவை முட்டை போடற கோழியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க."