நீர்க்கோழியின் கரையும் பெருச்சாளி மேஸ்திரியும்

அல்லிக் குளத்தின் ஓரத்தில் ஒரு நீர்க்கோழி ஐந்து முட்டைகளை அடைகாத்து வந்தது. வானம் கறுக்கத் தொடங்கியது. குளம் நிரம்பினால் கூடு மூழ்கிவிடுமே! கூட்டைச் சுற்றி மண்கரை எழுப்ப, பெருச்சாளி மேஸ்திரியை அழைத்தது.

"கவலைய விடுங்கக்கா!" என்றது பெருச்சாளி. "ஆகுற செலவ நீங்க குடுத்துடுங்க. பத்துக் கடலை செலவானா எனக்கு ஒரு கடலை கூலி. கணக்குல ஒரு பொய் இருக்காது!"

நீர்க்கோழி சந்தோஷமாகத் தலையாட்டியது.

மறுநாள் பத்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். பத்தும் நத்தைகள்! காலையில் மண்ணைத் தூக்கினால் சாயங்காலம்தான் கொண்டுவந்து போடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கடலை. நான்கு நாளில் நாற்பது கடலை காலி. கரையோ இரண்டு விரல் உயரம்தான் ஏறியிருந்தது.

"நத்தைங்க எதுக்கு மேஸ்திரி?"

"ரொம்ப நிதானமான ஆளுங்கக்கா! அவசரமே படமாட்டாங்க!"

ஐந்தாம் நாள் ஒரு நத்தை உருண்டு விழுந்ததில் பாதிக் கரை சரிந்தது. நீர்க்கோழி பதறிப் போனது. பெருச்சாளியின் மீசையோ சிரிப்பில் துடித்தது.

"போனாப் போகுதுக்கா! மறுபடி கட்டிடலாம்!"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் நீர்க்கோழிக்கு விஷயம் புரிந்தது. கணக்கில் பொய்யே இல்லை. ஆனால் செலவு ஏறினால் மேஸ்திரிக்குத்தானே லாபம்! பிறகு அது ஏன் செலவைக் குறைக்கப் போகிறது?

"மேஸ்திரி, பேச்ச மாத்திக்கலாம். உங்க கூலி பத்துக் கடலை. ஏறாது, இறங்காது. வேலைச் செலவுக்கு இருபது. மிச்சம் பிடிச்சா பாதி உங்களுக்கு. மேல போனா உங்க கையிலேருந்து போடணும். மழைக்கு முன்ன முடியணும், என்ன சொல்றீங்க?"

பெருச்சாளி மீசையைத் தடவி யோசித்தது. "சரிக்கா!" என்றது. அடுத்த நொடியே திரும்பிக் கத்தியது.

"நத்தைங்களா, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க! நாலு நண்டக் கூப்பிடுறேன்!"

நண்டுகள் மண்ணை வாரி வாரிப் போட்டன. பொழுது சாய்வதற்குள் கரை எழுந்து நின்றது. செலவு எட்டே கடலை! கூலி பத்தும் மிச்சத்தில் ஆறும் வாங்கிக்கொண்டு பெருச்சாளி துள்ளிக் குதித்தது.

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. கூட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஐந்து குஞ்சுகளும் ஓட்டை உடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தன. அன்றே விருந்து! நத்தைகளையும் அழைத்திருந்தார்கள். பாவம், அவை வந்து சேர்வதற்குள் குஞ்சுகள் நீந்தவே பழகிவிட்டன.

செலவு ஏற ஏறக் கூலியும் ஏறும் என்று ஒப்பந்தம் போட்டால் பொய் சொல்லாத மேஸ்திரிக்கும் சிக்கனம் மறந்துபோகும். மிச்சத்தில் பங்கு வைத்தால் அது தானாக நினைவுக்கு வரும்.