நாற்பது அதிரசம்

முன்னொரு காலத்தில் பூவாற்று நாட்டை விசித்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் இன்னொன்று போடுவான். கனவில் யானை அழுதது என்று நாட்டு யானைகளுக்கெல்லாம் ஒரு வாரம் ஓய்வு கொடுத்தவன் அவன்.

அவனுடைய கலாசாலையில் ஆண்டுக்கு நாற்பது இடங்கள். வைத்தியராக வேண்டுமானால் அங்கேதான் படிக்க வேண்டும். நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பரீட்சை எழுதுவார்கள். மதிப்பெண் வரிசையில் முதல் நாற்பது பேருக்கு இடம் கிடைக்கும்.

கோட்டைத் தெருப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் அரசவைப் பிரதானி வேதாசலராயர். போன ஆண்டு நாற்பதில் முப்பது இடங்களை ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம் அள்ளிக்கொண்டு போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ராஜா நல்ல மனநிலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தபோது பேச்சை எடுத்தார்.

"மகாராஜா, நூறு பேர் எழுதி எழுபது பேர் தேறினால் அது ஒரு பள்ளிக்கூடமா? நூற்றுக்கு நூறு தேறுகிற பள்ளிக்கு அல்லவா கலாசாலை முதலில் கதவைத் திறக்க வேண்டும்?"

நூற்றுக்கு நூறு என்பது ராஜாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. "அப்படியே ஆகட்டும். முதலில் அவர்களுக்கு. மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு."

ராயர் பள்ளியில் நூற்றெண்பது பிள்ளைகள் படித்தார்கள். அவர் முன்கூட்டியே ஒரு சின்னப் பரீட்சை வைத்து, நாற்பது பேரை மட்டும் பொறுக்கி எடுத்தார். நாற்பத்தொன்றாவதாக நின்றாள் வடிவு. அரண்மனை மடைப்பள்ளியில் சமைக்கும் அஞ்சுகத்தின் மகள். மடைப்பள்ளியில் யாருக்குக் கை சுட்டாலும் மருந்து போடுவது அவள்தான். வைத்தியம் படிக்க வேண்டும் என்பது ஆறு வயதிலிருந்தே அவளுடைய ஆசை.

"பரீட்சை அன்று நீ வர வேண்டாம். உனக்குக் காய்ச்சல்" என்றார் அவளுடைய வகுப்பு வாத்தியார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே, ஐயா."

"வரும்."

பரீட்சை நடந்தது. கோட்டைத் தெருப் பள்ளியில் எழுதியவர் நாற்பது, தேறியவர் நாற்பது. நாற்பது இடங்களும் அவர்களுக்கே என்றாகிவிட்டது. ஆற்றங்கரையில் வழக்கம்போல் நூற்றுக்கு எழுபது. ஓர் இடம்கூட இல்லை. விஜயதசமி அன்று ராஜா கையால் சேர்க்கை ஓலை கொடுப்பதுதான் பாக்கி.

வடிவு அழவில்லை. மருந்துச் சிமிழ்களை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். அஞ்சுகம் அதைப் பார்த்துக்கொண்டே அதிரச மாவு பிசைந்தாள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமி அன்று எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையாக அரண்மனைக்கு வருவார்கள். ஓலைக்கு முன்னால், பிள்ளைக்கு ஓர் அதிரசம் ராஜா தன் கையால் கொடுப்பான். எந்தப் பள்ளி வரிசை நீளமோ அந்தப் பள்ளிக்குத்தான் முதல் மரியாதை. அந்த மரியாதையை ராயர் விடுவாரா? ஒரு பிள்ளை குறையாமல் நூற்றெண்பது பேரையும் கூட்டி வந்துவிட்டார்.

ராஜா கொடுத்துக்கொண்டே வந்தான். நாற்பத்தொன்றாவது பிள்ளைக்கு நீட்டப்போனால் கை வெறும் தட்டைத் தடவியது.

ராயருக்கு முகம் சிவந்தது. "ஏ அஞ்சுகம், என் பள்ளியில் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஐயா. நாற்பது பேர்."

"யார் சொன்னது? நூற்றெண்பது பேர். கண் இருந்தால் எண்ணிப் பார்."

"பரீட்சைப் பட்டியலைப் பார்த்துத்தான் ஐயா தட்டு நிரப்பினேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட பட்டியல். அதில் நாற்பதுதான் இருந்தது."

ராஜா மெதுவாகத் திரும்பினான். "ராயரே, பரீட்சை அன்று மீதி நூற்று நாற்பது பேர் எங்கே போயிருந்தார்கள்?"

"காய்ச்சல், மகாராஜா."

"நூற்று நாற்பது பேருக்குமா?"

"ஊரில் ஒரு மாதிரிக் காற்று அடித்தது."

எதிரே கை நீட்டியபடி நின்ற வடிவை ராஜா பார்த்தான். "உனக்கும் காய்ச்சலா, குழந்தை?"

"வரும் என்று சொன்னார்கள், மகாராஜா. இன்னும் வரவில்லை."

சபையில் முதலில் சேனாபதிதான் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

"அஞ்சுகம், என் கையை வெறும் தட்டில் பட வைத்தாயே. அதற்கு என்ன சொல்கிறாய்?"

அஞ்சுகம் உள்ளே போய் மூடி வைத்திருந்த பெரிய அண்டாவை இழுத்து வந்தாள். அது நிறைய அதிரசம்.

"எல்லோருக்கும் சுட்டுவிட்டேன், மகாராஜா. இதில் சிலது ஓரம் விண்டது, சிலது கொஞ்சம் கருகியது. வட்டமாக வந்த நாற்பதை மட்டும் காட்டினால் நானும் நூற்றுக்கு நூறு சமையல்காரிதானே?"

ராஜா அண்டாவிலிருந்து ஓரம் விண்ட ஒன்றை எடுத்துக் கடித்தான். மென்றான். இன்னொன்றை எடுத்தான்.

"ருசிக்கு ஒரு குறையும் இல்லையே" என்றான். "இதை ஏன் மூடி வைக்க வேண்டும்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன், மகாராஜா."

அன்று மாலைச் சட்டம் காலையிலேயே வந்துவிட்டது. விட்டுப்போன நூற்று நாற்பது பேரும் பரீட்சை எழுத வேண்டும். இடம் பழையபடி மதிப்பெண் வரிசையில். எந்தப் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கும் இனி விஜயதசமி வரிசையில் நிற்கும் தலைகளை வைத்துத்தான்.

"ராயரே, மீதி அதிரசத்தை நீங்களே கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் காய்ச்சல் தேவலையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்."

நூற்று நாற்பது முறை கேட்டார் ராயர். நூற்று நாற்பது முறையும் "தேவலை ஐயா" என்ற பதில் வந்தது.

பத்து நாளில் பரீட்சை முடிந்தது. நூற்று நாற்பதில் எண்பத்தொரு பேர் தேறினார்கள். பழைய நாற்பதையும் சேர்த்தால் ராயர் பள்ளிக்கு நூற்றுக்கு அறுபத்தேழு. ஆற்றங்கரைக்கு எழுபது. ராயர் அதன்பின் எழுபதைப் பற்றிக் குறை சொன்னதாக யாரும் கேட்டதில்லை.

என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதற்கு, தேறாத பிள்ளைகளை அடுத்த ஆண்டும் எழுத விட வேண்டும் என்றாள் அஞ்சுகம். அதோடு பெரிய அண்டா ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாட்டு மதிப்பெண் வரிசையில் வடிவு முப்பத்தெட்டாவதாக வந்தாள். சிமிழ்கள் பரணிலிருந்து இறங்கின. கலாசாலையில் அவளுக்கு முதல் நாள் பாடமே காய்ச்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதானாம். வகுப்பிலேயே அவள்தான் அதிகம் சிரித்தாளாம்.